வாளால் வெல்ல முடியாத பகை

மனத்துக்கு உகந்த நாவல் ஒன்று படமாகி வருகின்றது என்ற செய்தி கிடைத்ததும், அதனைப் படித்தவர் உள்ளத்தில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுவது இயல்பு. தாம் கண்ட உலகினை மற்றவரும் காணப் போகின்றனரே என்பது மகிழ்ச்சி. தாம் கண்ட உலகு அங்கே இல்லாமற் போய்விடுமோ என்பது அச்சம். படமாளிகையை விட்டு வெளியே வரும் கூட்டத்தின் பேச்சைக் கேட்டால், பெரும்பாலும் அச்சமே வென்றுவிட்டது என்பது புலனாகும். "நல்ல கட்டம் ஒன்றை விட்டுவிட்டார்களே" என்பார் ஒருவர். "அவனுடைய முகத்தை நான் இப்படி நினைக்கவில்லை" என்பார் மற்றொருவர்.

இவற்றை நாம் சிறு குறைகள் என்றே கருதுகிறோம். சில நூறு பக்கங்களை இரண்டு மணி நேரத்துள் அடக்க முனைபவர் பலவற்றைக் கைவிட்டே ஆகவேண்டும். பாத்திரங்கள் குறையலாம், நிகழ்ச்சிகள் இடம் மாறலாம், முடிவு கூடச் சிறிது வேறுபடலாம். ஆயினும் எதனைக் கைவிட்டாலும் கைவிடக்கூடாத ஒன்று ஒவ்வொரு நல்ல நூலிலும் உண்டு. அந்த நூல் எதற்காக எழுதப்பட்டதோ, அதுவே அது. அது போய்விட்டால், பெயர்களும் உடைகளும் கடலும் கோட்டையும் அப்படியே இருந்தாலும், உயிர் போன உடலுக்கு அணி பூட்டியது போலாகிவிடும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக விளங்குவது, உர்சுலா லெ குவின் அம்மையாரின் 'எர்த்சீ' நூல்களுக்குத் திரையிலே நேர்ந்த கதியாகும்.

அம்மையார் 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பெர்க்லி நகரிற் பிறந்தவர். தந்தையார் அல்பிரட் குரோபர், அமெரிக்க ஆதிக்குடிகளின் வாழ்வையும் மொழிகளையும் ஆராய்ந்த பேர்பெற்ற மானிடவியலறிஞர். தாயார் தியோடோரா குரோபரும் நூலாசிரியரே. பற்பல இனத்தவரின் கதைகளும் நம்பிக்கைகளும் வீட்டுப் பேச்சாய் இருந்த சூழலில் வளர்ந்தவர், பிற்காலத்தில் புதிய உலகொன்றினையே படைத்ததில் வியப்பில்லை.

அந்த உலகு பிறந்த வகையும் சுவையானது. பெர்க்லியிலிருந்த சிறு பதிப்பகமொன்றின் உரிமையாளர், இளைஞர்க்கு ஏற்ற நாவலொன்று எழுதித் தருமாறு 1967ஆம் ஆண்டளவில் அம்மையாரைக் கேட்டார். மந்திரவாதி என்றதும் எவர் மனக்கண்ணிலும் தோன்றுபவர் நீண்ட வெண்தாடியுடைய முதியவரே. அந்த முதியவர் பிறக்கும்போதே முதியவராகவா பிறந்திருப்பார்? சிறுவனாய் இருந்தபோது அவர் எப்படி இருந்தார்? அந்த ஆபத்தான வித்தையை எங்கே, எவரிடம் கற்றார்? இந்த வினாக்களுக்கு விடையாக எழுந்ததே 1968ஆம் ஆண்டில் வெளிவந்த 'எர்த்சீயின் மந்திரவாதி' என்னும் நாவல். மந்திரவாதிச் சிறுவர்களுக்கெனப் பாடசாலை ஒன்றைக் காட்டும் ஹரி பொட்டர் கதைகள் 1997இல் தொடங்குமுன், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் முன்பே, அத்தகைய பாடசாலை ஒன்று இந்நூலில் இருந்தது என்பதை மாணவ வாசகர்கள் மனங்கொள்ளலாம். பின்னர் 1971, 1972, 1990 ஆகிய ஆண்டுகளில் மூன்று நாவல்களும், 2001இல் ஒரு சிறுகதைத் தொகுதியும் இன்னொரு நாவலும் வெளிவந்து, எர்த்சீ நூல்கள் ஆறாயின.

எர்த்சீ என்னும் பெயரிலே மண் என்ற சொல்லும் கடல் என்ற சொல்லும் இணைந்து நிற்கின்றன. நூற்றுக்கணக்கான தீவுகளாலான உலகு அது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஆதிமொழியிலே ஓர் உண்மைப் பெயர் உண்டு. அந்தப் பெயரை அறிந்தவனுக்கு அப்பொருள் அடங்கும். ஆகவே மாந்தர் தம் உண்மைப் பெயரை உற்ற நண்பரன்றி வேறெவர்க்கும் சொல்லார். ஊர் வழங்கும் பெயரொன்றாலேயே உலவுவர். உலகின் சமநிலை குலையாதபடி மந்திரத்தை அடக்கமாகக் கையாள வேண்டும் என்பதும் அங்கே முதற்பாடம்.

கோன்ட் என்னும் மலைத்தீவில், தாயை இழந்த ஓர் ஆட்டிடையன். கொல்லன் ஒருவனின் மகன். ஊரார் அவனை வல்லூறு என்று அழைப்பர். அவனுடைய உண்மைப் பெயர் கெட். பிறவியிலேயே பேராற்றல் வாய்ந்தவன். கொள்ளையிட வந்த படையினரைப் பனிமூட்டத்தால் மயக்கித் தன் கிராமத்தையே காப்பாற்றியவன். அவனை ஏற்று வளர்க்கும் ஆசான் ஓகியன் அதிகம் பேசாதவர். மழை பெய்தால் மந்திரத்தால் விலக்காது நனைந்தபடி நடப்பவர். பையனுக்கோ பொறுமையில்லை. உடனே கற்க வேண்டும், உடனே புகழ் வேண்டும் என்று ரோக் தீவிலுள்ள மந்திரப் பாடசாலைக்குக் கப்பலேறுகிறான். அங்கே ஜாஸ்பர் என்னும் செல்வர் வீட்டுப் பிள்ளை அவனை ஏளனஞ் செய்ய, தன் வல்லமையைக் காட்டும் வெறியில் அவன் செய்யத்தகாத ஒன்றைச் செய்துவிடுகிறான். இறந்தோர் உலகிலிருந்து ஓர் ஆவியை அழைக்கிறான். திறந்த அந்த வழியாலே உருவமற்ற கரிய நிழலொன்று பாய்ந்து வந்து, அவனுடைய முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடும் முயற்சியிலே பாடசாலையின் முதற்பெருந் தலைவர் தம் உயிரையே கொடுத்துவிடுகிறார்.

அன்று தொடக்கம் நிழல் அவனைத் துரத்துகிறது. தீவு தீவாக ஓடுகிறான். ஈற்றில் ஆசான் ஓகியனிடமே திரும்பி வருகிறான். ஓடுவதை விட்டுத் திரும்பி நின்று அதனைத் துரத்து என்பதே ஆசான் தந்த அறிவுரை. அவன் திரும்பியதும் நிழல் ஓடத் தொடங்குகிறது. உற்ற தோழன் வெட்ச் துணைவர, உலகின் கீழ்த்திசை எல்லைக்கும் அப்பால் சிறு படகிற் சென்று, அவன் அதனை நேருக்கு நேர் சந்திக்கிறான். அந்தக் கணத்தில் அவன் அதற்குரிய பெயரைச் சொல்கிறான். நிழலும் அதே பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயர் கெட் என்பதுதான். அது அவனுடைய சொந்த நிழல். அவனுடைய செருக்கும் அச்சமும் சாவுமே உருக்கொண்டு வந்தவை. அவன் அதனைக் கொல்லவில்லை. தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறான். அதனால் முழுமனிதன் ஆகிறான்.

இதுவே எர்த்சீ நூல்களின் உயிர்நாடி என்பது எமது கருத்து. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய நூற்பரிசைப் பெற்ற மூன்றாவது நாவலான 'அப்பாலுக்கு அப்பாற் கரை' இதே உண்மையை இன்னுமோர் படி உயர்த்துகிறது. உலகெங்கும் மந்திரம் வற்றி, மாந்தர் ஊக்கமிழந்து போகின்றனர். என்லாட் தீவின் இளவரசன் அரென், தந்தையின் தூதனாக அச்செய்தியைக் கொண்டு ரோக் தீவுக்கு வருகிறான். அங்கே முதற்பெருந் தலைவராய் வீற்றிருப்பவர், முன்னர் நாம் கண்ட கெட். இருவரும் காரணந்தேடிக் கடலோடுகின்றனர். சாவுக்கு அஞ்சிய கொப் என்னும் மந்திரவாதி, சாகாவரம் வேண்டி வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள கதவைத் திறந்துவிட்டான். அந்தத் துவாரத்தின் வழியே உலகின் ஒளி எல்லாம் வடிந்துகொண்டிருக்கிறது. அரென் தன் வாளால் கொப்பை வெட்டுகிறான். பயனில்லை, வெட்டுண்ட இடம் மீண்டும் கூடிவிடுகிறது. ஈற்றில் கெட் தம் மந்திர வலிமை முழுவதையும் ஈந்து அந்தக் கதவை மூடுகிறார். கொப்புக்கும் அவர் அளிப்பது தண்டனையன்று. அவன் இழந்திருந்த சாவென்னும் அமைதியே. உலகம் பிழைக்கிறது, கெட் மந்திரமற்ற எளிய மனிதராகிறார்.

வாள் வெட்டியும் வீழாத பகை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. இனித் திரைக்கு வருவோம்.

முதலில், 2004ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று முதலிரு நாவல்களையும் தழுவி இரு பகுதிப் படமொன்றை ஒளிபரப்பியது. அம்மையாரின் நூல்களிலே கெட் செம்பழுப்பு நிறத்தவன்; வெட்ச் கருநிறத்தவன்; தீவுவாசிகளிற் பெரும்பாலோர் அத்தகையோரே; கொள்ளையிட வருபவர்களே வெண்ணிறத்தவர். வீரன் என்றால் வெள்ளையன்தான் என்ற வழக்கத்தை 1968ஆம் ஆண்டிலேயே அம்மையார் அமைதியாக மாற்றி வைத்திருந்தார். தொலைக்காட்சிப் படத்திலோ கெட் வெள்ளை இளைஞனானான். ஆசான் ஓகியனைத் தவிர முக்கியமானோர் பெரும்பாலும் வெண்ணிறத்தவராயினர். உண்மைப் பெயரும் ஊர் வழங்கும் பெயரும் கூட இடம் மாறிவிட்டன. உண்மைப் பெயரை ஊரறியக் கூவும் எர்த்சீ எப்படிப்பட்ட எர்த்சீ? அம்மையார் தம் கருத்தைப் பகிரங்கமாக எழுதினார். தயாரிப்பில் தமக்கு எவ்விதப் பங்கும் இருக்கவில்லை என்பதையும், நிறத்தை மாற்றியது சிறு விடயமன்று என்பதையும் அவர் அதில் தெளிவுறுத்தினார். தம் போன்ற நிறத்தவரைக் கதைகளில் முதன்முறை வீரராகக் கண்டு மகிழ்ந்த பிள்ளைகள் பலருக்கு அந்நூல்கள் எவ்வளவு அருமையானவை என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இந்தப் புண் ஆறுமுன் யப்பானிலிருந்து ஒரு நம்பிக்கை பிறந்தது. சித்திரத் திரைப்படக் கலையில் ஈடிணையற்றவரெனப் போற்றப்படும் ஹயாவோ மியாசாக்கி, எர்த்சீயைப் படமாக்க விரும்பிப் பல்லாண்டுகளுக்கு முன்பே அம்மையாருக்கு எழுதியிருந்தார். அவருடைய படங்களை அன்று அறியாத அம்மையார் மறுத்துவிட்டார். பிற்காலத்தில் 'என் அயலவன் டொட்டோரோ' என்னும் அவரது 1988ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தபோது அம்மையாரின் மனம் மாறியது. எர்த்சீயைத் தருவதானால் இவருக்கே தரவேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் காலம் வேறோர் கணக்குப் போட்டிருந்தது. மூத்தவர் ஓய்வு பெற எண்ணுகிறார் என்றும், அவருடைய மகன் கோரோ இப்படத்தை இயக்குவார் என்றும், ஜிப்லி படநிறுவனத்தார் 2005ஆம் ஆண்டில் தெரிவித்தனர். தந்தையின் மேற்பார்வை இருக்குமென்ற நம்பிக்கையில் அம்மையார் இசைந்தார்.

கோரோ மியாசாக்கி அதற்குமுன் ஒரு படமும் இயக்கியவரல்லர். பூங்காக்களை வடிவமைக்கும் துறையைச் சேர்ந்தவர். மித்தாக்கா நகரில் 2001இல் திறக்கப்பட்ட ஜிப்லி நூதனசாலையை நிருவகித்தவர். அனுபவமில்லாத மகனிடம் இப்பொறுப்பை ஒப்படைப்பதைத் தந்தையே எதிர்த்தார். தயாரிப்பாளர் தோஷியோ சுசுக்கி உறுதியாய் நின்றதால் வேலை தொடர்ந்தது. தந்தை அதிற் கலந்துகொள்ளவில்லை. ஓய்வு பெறுவார் எனப்பட்ட அவரோ அடுத்துத் தமது சொந்தப் படமொன்றை எடுக்கத் தொடங்கிவிட்டார். கோரோவின் எர்த்சீப் படம் 2006ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி யப்பானில் வெளியாயிற்று.

படத்திலே பாராட்டத்தக்கவை உண்டு என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். வானமும் முகிலும் துறைமுக நகரமும் கண்ணைக் கவர்கின்றன. கெட் ஏரைப் பிடித்து நிலத்தை உழுவதும், நீர் அள்ளுவதும், கால்நடைகளைக் கொட்டிலில் அடைப்பதும் போன்ற காட்சிகள் அமைதி நிரம்பியவை. தெர்ரு என்னும் சிறுமி தனித்து நின்று பாடும் பாட்டு கேட்போர் நெஞ்சை விட்டு இலகுவில் அகலாது. அம்மையாரும் இவற்றை மனமாரப் புகழ்ந்தார்.

ஆனால் கதை? படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இளவரசன் அரென் தன் தந்தையாகிய மன்னரைக் கத்தியாற் குத்திக் கொல்கிறான். நூலிலே தந்தை மகனை அன்போடு தூதனுப்புகிறார்; படத்திலே மகன் தந்தையைக் கொன்றுவிட்டு வாளோடு ஓடுகிறான். ஏன் கொன்றான் என்பதற்குப் படம் முடியும்வரை மனங்கொள்ளத்தக்க காரணம் கிடைப்பதில்லை. அரெனை ஓர் உருவம் தொடர்கிறது. முதல் நாவலின் நிழலை இயக்குநர் இங்கே எடுத்தாள முயன்றார் எனலாம். ஆயினும் தொடர்ந்து வருவது அவனுடைய நல்ல பாதியே என்று தெர்ருவின் வாயால் ஒரு விளக்கம் சொல்லப்படுவதோடு அந்தக் கருத்து ஒதுங்கிவிடுகிறது. சாவைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் சமநிலையைப் பற்றியும் பாத்திரங்கள் நீண்ட உபதேசங்கள் செய்கின்றன. நூலில் இத்தகைய வாக்கியங்கள் துன்பத்திலிருந்து பிறக்கும். படத்திலோ அவை மேடைப் பேச்சாய் நிற்கின்றன.

முடிவிலேதான் பெரும் பிழை. உலகின் கேடனைத்தும் கொப் என்ற ஒருவன் தலையிற் சுமத்தப்படுகிறது. கோட்டையிலே சண்டை நடக்கிறது. அரெனின் வாள் கொப்பின் கையைத் துண்டிக்கிறது. தெர்ரு எவ்வித முன்னறிவிப்புமின்றிப் பறவைநாகமாக மாறி, அவனைத் தீயாற் சுட்டெரிக்கிறாள். தீயவன் செத்தான், ஆகவே துன்பம் தீர்ந்தது, சூரியன் உதிக்கிறான். வாளால் வெல்ல முடியாத பகை என்று நூல் காட்டியதை, வாளும் தீயும் கொண்டு படம் வென்றுவிட்டது!

தீமை முழுவதும் ஒரு வில்லனிடம் ஒப்படைக்கப்பட்டு, அவனைக் கொன்றதும் எல்லாம் சரியாகிவிடுகிறது என்பதே அம்மையாரின் முதன்மையான குறையும். நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போர் என்ற நோக்கில் தம் நூல்கள் எழுதப்பட்டவையல்ல என்று அவர் விளக்கினார். ஆயினும் அவரது பண்பாடு போற்றற்குரியது. படம் பார்த்த அன்று கருத்துக் கேட்ட கோரோவிடம், இது தமது நூலன்று, கோரோவின் படம், நல்ல படம் என்ற பொருள்பட மட்டும் சொன்னார். இளைஞர் ஒருவரின் முதல் முயற்சியை முகத்துக்கு நேரே நொறுக்க அவர் விரும்பவில்லை. அந்தச் சொற்கள் பகிரங்கமான பின்னரே தம் எண்ணத்தை முழுமையாக எழுதினார்.

படம் யப்பானில் 760 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. ஆகவே தோல்விப் படம் என்று எவரும் சொல்ல முடியாது. இதனாலேயே நாம் இதனை இங்கு எடுத்துப் பேசுகிறோம். காசு வராத படத்தின் குறையை உலகம் தானே பேசிக்கொள்ளும். காசு வந்த படத்தின் குறையைப் பெற்றோரும் ஆசிரியருமே பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்ட வேண்டியுள்ளது.

அகத்தே நடக்கும் போரைப் படக்கருவி எப்படிக் காட்டும்? காணக்கூடிய பகைவன் ஒருவன் வேண்டாமா? இரண்டு மணி நேரத்தின் ஈற்றில் மக்கள் நிறைவோடு எழுந்து போகும்படி ஒரு முடிவு வேண்டாமா? இவ்வாறு படத்துறையினர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் விடையும் அதே ஜிப்லி நிறுவனத்திலேயே இருக்கிறது. தந்தை மியாசாக்கி 2001இல் எடுத்து, 2003இல் ஒஸ்கார் பரிசு பெற்ற 'ஸ்பிரிட்டட் அவே' என்னும் படத்தை நினைவுகூர்வோம். சிகிரோ என்ற பத்து வயதுச் சிறுமியின் பெயரைச் சூனியக்காரி ஒருத்தி பறித்துக்கொண்டு, வேறு பெயரிட்டு வேலை வாங்குகிறாள். பெயரை மறந்தால் என்றும் அடிமைதான். தன் பெயரை முற்றாக மறந்துபோன இன்னொரு சிறுவனுக்கு அவனுடைய உண்மைப் பெயரைச் சிகிரோ நினைவூட்ட, அவன் விடுதலையடைகிறான். கண்டோரை விழுங்கிய முகமற்ற ஆவி கூட ஈற்றில் அடங்கி, ஒரு மூதாட்டியின் வீட்டிலே கைவேலைக்கு உதவி செய்துகொண்டு அமர்கிறது. சூனியக்காரியை எவரும் கொல்லவில்லை. உண்மைப் பெயரின் வலிமை, அஞ்சாது திரும்பி நிற்றல், கொல்லாது வெல்லல் ஆகிய எர்த்சீயின் கொள்கைகள் யாவும் அங்கே உள்ளன. எர்த்சீ என்ற பெயர் தாங்கிய படத்தைவிட, அப்பெயர் தாங்காத இப்படமே எர்த்சீக்கு நெருங்கியது எனின் மிகையாகாது. ஆகவே குற்றம் திரைக்கலையினுடையதன்று.

இதனை இவ்வளவு விரித்து ஏன் சொல்ல வேண்டும், இது வெறும் மாயக்கதைதானே என்று சிலர் எண்ணக்கூடும். நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பதொன்றைக் கவனியுங்கள். தத்தி நடக்கும் குழந்தை நாற்காலியில் மோதி அழுகிறது. ஓடிவரும் பாட்டி, "இந்த நாற்காலிதானே அடித்தது? அதற்கு ஓர் அடி!" என்று நாற்காலியை அடிக்கிறாள். குழந்தை சிரிக்கிறது. அந்த வயதில் அது அன்பான விளையாட்டு. ஆனால் அந்தப் பிள்ளை பதினைந்து வயதிலும் இருபது வயதிலும் தன் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஒரு நாற்காலியைத் தேடுமானால் என்ன செய்வது? சோதனையில் தவறினால் வினாத்தாள், நட்பு முறிந்தால் நண்பன், கோபம் வந்தால் கோபமூட்டியவன் என்று வெளியே ஆளைத் தேடுபவனுடைய நிழல் நாள்தோறும் பெருத்துக்கொண்டே போகும். தனி மனிதருக்கு நேர்வதே சமூகங்களுக்கும் நேரும். எல்லாக் கேட்டுக்கும் ஒருவனே காரணம், அவனை ஒழித்தால் விடிந்துவிடும் என்று நம்பிய கூட்டங்கள் உலகிற் செய்த அழிவு கொஞ்சமன்று.

கந்தபுராணம் கேட்டு வளர்ந்த எம்மவர்க்கு இக்கருத்து அந்நியமானதன்று. மாமரமாய் நின்ற சூரனை வேல் இரு கூறாக்கியதும், கூறுகள் சேவலும் மயிலுமாகிக் கொடியாகவும் ஊர்தியாகவும் முருகனைச் சேர்ந்தன. பகைத்து நின்ற ஆற்றலே பணி செய்யும் ஆற்றலாயிற்று. கெட் தன் நிழலைத் தன் பெயர் சொல்லி ஏற்ற கட்டத்தைப் படிக்கும்போது, எமக்கு இந்நினைவு எழுகிறது.

கோரோ மியாசாக்கியின் பிற்காலத்தையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. முதற்படத்திற்கு நேர்ந்த கண்டனத்தால் அவர் துறையைக் கைவிட்டு ஓடவில்லை. தந்தை பங்குகொண்டு எழுதிய திரைக்கதையைக் கொண்டு 2011ஆம் ஆண்டில் அவர் இயக்கிய இரண்டாவது படமாகிய 'பொப்பிக் குன்றின்மேல்', பழைய பாடசாலைக் கட்டடமொன்றைக் காக்க முனையும் மாணவர்களின் கதை. அதில் கொல்லப்பட வேண்டிய வில்லன் எவனுமில்லை. அப்படம் யப்பானிய அக்கடமியின் சிறந்த சித்திரத் திரைப்படப் பரிசைப் பெற்றது. படத்தில் தந்தையைக் குத்திய மகனைக் காட்டியவர், பின்னர் தந்தையோடு சேர்ந்தே பணியாற்றினார்.

லெ குவின் அம்மையார் 2018ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி தமது 88ஆவது வயதிற் காலமானார். எர்த்சீ முதல் நாவலின் ஐம்பதாவது ஆண்டாகிய அதே 2018இல், ஆறு நூல்களும் ஒரே தொகுதியாய்ச் சித்திரங்களுடன் வெளிவந்தன. ஓவியர் சார்ல்ஸ் வெஸ் அம்மையாரோடு கலந்து பேசியே அச்சித்திரங்களைத் தீட்டினார். அவற்றிலே கெட் செம்பழுப்பு நிறத்தவனாகவே இருக்கிறான்.

நூலைப் படமாகக் காணப் போகும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. முடிந்தால் நூலை முதலிற் படிக்கச் செய்யுங்கள். படம் பார்த்து வந்த இரவு, உணவு வேளையிலே, எது விடுபட்டது என்று கேட்பதோடு நில்லாது இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தக் கதையில் துன்பம் எங்கிருந்து வந்தது, அது எப்படித் தீர்ந்தது? ஒருவனைக் கொன்றதால் தீர்ந்தது என்று பிள்ளை விடை சொல்லுமானால், அப்படித் தீருமா என்று மெல்லக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கும் பேச்சு, கோடிக்கணக்கிற் செலவு செய்து எடுத்த படம் தவறவிட்டதை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே மீட்டுத் தரக்கூடும்.